பார்த்தவர்: பிலோமினா

பட்டறையில் இப்போது சீட்டு எழுதுவதில்லையாம். பெட்டியின் அடியில் கறுப்புக் கட்டம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுகிறார்கள். செல்போனைக் காட்டினால், அந்த மரம் முன்பு எங்கே இருந்தது, எத்தனை வயது என்று திரையில் வந்துவிடுமாம். போன மாதம், அங்கே இன்னும் வேலை பார்க்கிற குமுதா ராயபுரத்தில் என் வீட்டுக்கு வந்து, "யக்கா, அந்த ஸ்டிக்கர்ல போடறதுக்கு ரெண்டு பத்தி எழுதிக் குடேன். புதுப் பசங்க எல்லாம் உன்னத்தான் கேக்கறாங்க" என்றாள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இருபத்தாறு வருஷம் சீட்டு எழுதிய கை சும்மா இருக்குமா, உட்கார்ந்தேன். இரண்டு பத்தியில் நிற்கவில்லை. ஸ்டிக்கரில் இதற்கு இடம் போதாது என்று குமுதாவிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் செய்தது வான்கோழியைக் கூப்பிடும் பெட்டி. ஏற்றுமதிக் காகிதங்களில் அதற்கு ஆங்கிலத்தில் பெரிய பெயர் உண்டு. திருவொற்றியூர்ப் பட்டறையில் எல்லோருக்கும் அது கோழிப்பெட்டிதான். ஒரு சாண் நீளம், மேலே திறப்பு. பக்கத்துச் சுவர்கள் இரண்டும் மெல்லியவை. மூடி ஒரு முனையில் திருகாணியில் நிற்கும், மறுமுனை கைப்பிடி. மூடியின் அடிப்பக்கம் சாக்பீஸ் தடவி, சுவரின் விளிம்பில் மெதுவாக இழுத்தால் பெண் வான்கோழி கூப்பிடுகிற சத்தம் வரும். அமெரிக்காவில் வசந்த காலத்தில் வேட்டைக்காரர்கள் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து இதை இழுப்பார்கள். பெண்தான் கூப்பிடுகிறது என்று நம்பிச் சேவல் வரும். வந்தால் சுடுவார்கள். இந்தப் பிழைப்பைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்று ஒருமுறை எங்கள் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

இதைப் பழைய மரத்தில்தான் செய்ய வேண்டும் என்பது வாங்குகிறவர்களின் நிபந்தனை. பழமை மேல் அவர்களுக்கு ஒரு மோகம். எங்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. புதுத் தேக்கில் எண்ணெய் அதிகம், சத்தம் வராது. உத்தரமாகவும் கதவாகவும் தலைமுறை தலைமுறையாகக் காய்ந்த தேக்கு என்றால் கணீரென்று பேசும். துறைமுகத்தைச் சுற்றி இடிக்கிற கிடங்குகளுக்கு அப்போது பஞ்சமில்லை.

நான் உப்புத்தாள் தேய்க்கத்தான் சேர்ந்தேன். மேற்பார்வையாளர் எத்திராஜ் சார் மூன்றாம் வாரம் என் மேசைக்கு வந்து, "கோயில்ல பாடறியாமே?" என்று கேட்டார். பாடற்குழுவில் இருக்கிறேன் என்றேன். "அப்ப உனக்கு நல்ல காது கீது. வா" என்று கூட்டிக்கொண்டு போனார். நேர்காணல் அவ்வளவுதான்.

என் காதுக்கு முதலில் கிடைத்தது மரியாதை அல்ல, அவமானம். வான்கோழிச் சத்தம் எப்படி இருக்கும் என்று பட்டறையில் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்காக ஒரு வீட்டில் வளர்த்த வான்கோழியை நான்தான் இரவல் வாங்கி ஆட்டோவில் கொண்டுபோனேன். வான்கோழி என்றால் நம் மனதில் வருவது தோகையை விரித்துக்கொண்டு நிற்பதுதானே, நானும் அதையே தூக்கிப் போனேன். அது கொளகொளவென்று கத்த, எத்திராஜ் சாரும் நானும் இரண்டு வாரம் மெனக்கெட்டு, அதே கொளகொளவை மரத்தில் கொண்டுவந்து மாதிரிப் பெட்டிகள் அனுப்பினோம். வாங்குகிறவர் முதலாளிக்குப் போன் போட்டுச் சிரித்தாராம். நீங்கள் அனுப்பியது சேவல், அதைக் கேட்டால் இன்னொரு சேவல் சண்டைக்கு வேண்டுமானால் வரும் என்றாராம். மறுபடி பெட்டை ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தோம். அது மூன்று நாள் வாயே திறக்கவில்லை. நான்காம் நாள் எண்ணூர் சாலையில் ஒரு கண்டெய்னர் லாரி ஹார்ன் அடிக்கவும் பயந்துபோய்க் கத்தியது. அந்தக் கத்தலை வைத்துத்தான் தொழில் கற்றோம்.

எத்திராஜ் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வார்ப்படப் பட்டறைக்கு மர அச்சு செய்துகொண்டிருந்தவர், வியாசர்பாடிக்காரர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிக் குழாயடியில் கழுவுவார். அதிகக் கோபம் என்றால் சோப்புப் போட்டுக் கழுவுவார். பெட்டி சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்லமாட்டார், "இன்னொருவாட்டி கேளு" என்பார். பத்து முறை கேட்டாலும் அதே வார்த்தைதான். கடைசியில் குறை நமக்கே கேட்டுவிடும்.

பெட்டியைச் சோதிக்கிற முறையும் அவர் வகுத்ததுதான். நான் கொட்டகையின் ஒரு கோடியில் மேசையருகே நிற்பேன். அவர் மறுகோடியில், குழாயடி பக்கம், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். "கோழி பக்கத்துல வந்து நின்னுகினா கேக்கும்? தூரத்துலதான் கேக்கும்" என்பது அவர் கட்சி. இடது உள்ளங்கையில் பெட்டியை வைக்க வேண்டும், விரல்களை மடக்கக் கூடாது, மடக்கினால் சத்தம் செத்துவிடும். மூடியை மூன்று இழுப்பு. தேறியது என்றால் காதில் செருகிய பென்சிலை எடுத்து மேலே தூக்குவார். தேறாவிட்டால் கை அசையாது. இடையில் லாரி போனால் அது தாண்டிப் போகிறவரை இருவரும் சும்மா நிற்போம். எங்கள் சம்பளத்தில் பாதி அப்படிச் சும்மா நின்றதற்குத்தான் என்று நான் கேலி செய்வதுண்டு.

எண்ணெய் ஆகாது. விரலில் பிசுக்கு இருந்து அது மூடியிலோ விளிம்பிலோ பட்டுவிட்டால் பெட்டி ஊமையாகிவிடும், சாக்பீஸ் பிடிக்காது. அதனால் பத்து மணி வடைக்குப் பிறகு எல்லோரும் சீயக்காய்த் தூள் போட்டுக் கை கழுவ வேண்டும். வேலை நேரத்தில் தலைமுடியைத் தொடக்கூடாது. பெண்கள் எல்லோரும் தலையில் துணி கட்டிக்கொள்வோம். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைப்பார்கள்.

இனி சீட்டு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டு போகும். ஆங்கிலத்தில் அச்சடித்தது. அதில் இரண்டு இடம் காலி. ஒன்று, மரம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது. இன்னொன்று, பார்த்தவர். அச்சடிக்கும்போது முதலாளி 'சான்றளிப்பவர்' என்ற பொருளில் ஒரு பெரிய வார்த்தை போடச் சொன்னாராம். எத்திராஜ் சார்தான் தடுத்திருக்கிறார். "சான்று குடுக்க நாம இன்னா தாசில்தாரா சார்? பாத்தோம், அவ்ளோதான். பாத்தவர்னு போடுங்க" என்றாராம். அதோடு ஒரு விதியும் வைத்தார். சீட்டு எழுதுகிறவர் அந்த மரம் வண்டியிலிருந்து இறங்குவதையும் ரம்பத்தில் அறுபடுவதையும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். ஆணி அடித்த ஓட்டை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் புகை படிந்திருக்கிறது, எந்தப் பக்கம் மழை பட்டிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும். எழுதுவது நான். அதனால் கடல் தாண்டிப் போன அத்தனை பெட்டியிலும் 'பார்த்தவர்: பிலோமினா' என்று இருக்கும்.

ஒரு வருஷம் கிடங்கு மரத்தில் மட்டும் செய்த பெட்டிகள் வேண்டும் என்று ஒரு பெரிய ஆர்டர் வந்தது. துறைமுகச் சாலையில் ஒரு பழைய கிடங்கை அப்போதுதான் இடித்திருந்தார்கள். மரம் கொண்டுவருகிறவர் சேகர். பழைய கட்டடங்களைக் குத்தகைக்கு எடுத்து இடிப்பவர் என்பதால் அவர் பெயரே இடிப்பு சேகர். யாரைப் பார்த்தாலும் மாமு. மூன்று லோடு கிடங்கு உத்தரம் கொண்டுவந்தார், நான் நின்று பார்த்தேன். நான்காவது லோடு வந்த நாள் நான் அரைநாள் லீவு. கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கப்போகிற என் சின்ன மகளுக்குப் புதுநன்மை கவுன் தைக்கக் கல்மண்டபத்தில் தையல்காரரிடம் அளவு கொடுக்கப் போயிருந்தேன். மறுநாள் வந்தபோது மரம் பலகையாக அறுபட்டு அடுக்கியிருந்தது. மேலே சாக்பீஸால் 'கிடங்கு' என்று எழுதியிருந்தது. சில பலகைகளின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு ஓடியது. தேக்கில் அப்படி ஒரு ரேகை வருவதுண்டு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பெட்டிகள் உருவாக உருவாகச் சீட்டு எழுதினேன். துறைமுகச் சாலைப் பழைய கிடங்கு. பார்த்தவர்: பிலோமினா. அந்த லோடில் நாற்பது பெட்டி தேறி, அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டது.

நாற்பத்தோராவது பெட்டி பேசவில்லை. மூன்று இழுப்பும் இழுத்தேன். ஈரத்தரையில் செருப்பு வழுக்குகிற மாதிரி ஸ்ஸ் என்று ஒரு சத்தம். எத்திராஜ் சாரின் பென்சில் காதிலேயே இருந்தது. சாக்பீஸைத் துடைத்து மறுபடி பூசினேன். அப்போதும் அதே ஸ்ஸ். அவர் நடந்து வந்தார். பெட்டியை வாங்கி, சுவரின் விளிம்பை நகத்தால் சுரண்டி, மோந்து பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு பாலிஷ் மேசையில் இருந்த குமுதாவைக் கூப்பிட்டு அவளிடம் நீட்டினார்.

குமுதா மோந்த உடனே, "இன்னா சார், மஞ்சா வாசன வருது" என்றாள். பலகையின் கோட்டைப் பார்த்தாள். "இது வாசக்கால் சார். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மஞ்சா பூசிக் குங்குமம் வெப்போம்ல. நல்ல நாளு கெட்ட நாளுக்கு எண்ண வேற தடவுவோம், கறையான் வரக்கூடாதுன்னு. அதான் ஊறிப்போயிக் கீது."

எங்கள் வீட்டில் வாசக்காலுக்கு மஞ்சள் பூசும் வழக்கமில்லை. குருத்து ஞாயிறன்று ஓலைச் சிலுவை ஒன்றைச் செருகுவோம், அடுத்த வருஷம் வரை அது காய்ந்துகொண்டிருக்கும். பூசுகிற வீட்டுக்காரிக்கு மூக்கைக் காட்டியதும் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. பூசுகிற வீடுகளுக்கு நடுவில்தான் நாற்பது வருஷம் குடியிருந்திருக்கிறேன்.

எத்திராஜ் சார் என்னைப் பார்த்தார். "அறுக்கறப்ப பாத்தியாம்மா?"

"பாத்தேன் சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. குமுதா பக்கத்தில் நின்றது ஒரு காரணமாக இருக்கலாம். அவர் "சரி" என்றார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு குழாயடிக்குப் போனார். அங்கே சோப்பு டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.

அன்று எனக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் காலை, ஷிப்டுக்கு முன்னால், பட்டறை எதிரே டீக்கடையில் அவர் தனியாக நிற்பதைப் பார்த்துப் போய்ச் சொன்னேன். "சார், நான் பாக்கல. அன்னிக்கு அரைநாள் லீவு."

"தெரியும். கல்மண்டபம் போயிருந்த" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் சார் ஒண்ணும் சொல்லல?"

"உன்னக் கேட்டேன். பாத்தேன்னு சொன்ன, எடுத்துக்கினேன்" என்று டீயை ஆற்றினார். "நாலு கடல் தாண்டிக் கீறவன் உன் பேரப் படிச்சிட்டு நம்பறான். பக்கத்துல கீற நான் நம்பலன்னா இன்னா மரியாத?"

அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. எனக்கு அழுகை வந்துவிட்டது. டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கவும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "சரி, நீயா வந்து சொல்லிட்ட. இனிமே ஆவ வேண்டியதப் பாப்போம்" என்று அவர் முன்னால் நடந்தார்.

சேகரை வரவழைத்தோம். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "மாமு, தேக்கு தேக்குதானே? கெடங்குல இருந்தா இன்னா, வூட்ல இருந்தா இன்னா? காலடிப்பேட்ட பக்கம் ரோடு அகலம் பண்ணச் சொல்லோ நாலஞ்சு வூட்டு வாசக்கால் வந்துச்சு. ரெண்டு வருசமா என் யார்டுல மழையில கெடந்துச்சு. கெடங்கு மரம் பத்தல, நாலாவது லோடா அத அனுப்சேன்" என்றார். தப்பு செய்த முகமே இல்லை. எனக்கு இருந்த முகம் அவருக்கு ஏன் இல்லை என்று பொறாமையாக இருந்தது.

முதலாளியிடம் போனோம். சரக்கைக் கண்டெய்னரில் ஏற்ற இரண்டு நாள்தான் இருந்தது. வேறு மரத்துக்கும் நேரமில்லை, வேறு பெட்டிக்கும் நேரமில்லை. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாற்பது பெட்டியிலயும் நல்லா சத்தம் வருதா இல்லையா? அப்புறம் என்ன? இது கிடங்கு மரமா, வீட்டு மரமான்னு அந்த வான்கோழிக்குத் தெரியவா போகுது?"

எத்திராஜ் சார் நிதானமாகச் சொன்னார். "வான்கோழிக்குத் தெரியாது சார். பிலோமினாவுக்குத் தெரியும்."

முதலாளி என்னைப் பார்த்தார். இந்த ஆர்டர் திரும்பி வந்தால் கொட்டகையில் பாதிப் பேருக்கு அடுத்த வருஷம் வேலை இருக்காது, முதலில் போவது சீட்டு மேசைதான் என்று சொன்னார். மிரட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. உள்ளதைச் சொன்னார். என் வீட்டில் அப்போது என் சம்பளம் ஒன்றுதான். புதுநன்மைக்கு உடுப்புத் தைத்துக்கொண்டிருந்த சின்னவளுக்குக் கீழே யாருமில்லை, மேலே இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். எத்திராஜ் சார் முடிவை என்னிடமே விட்டார். புதுச் சீட்டுக் கட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

நாற்பது பெட்டியையும் பிரித்தேன். பழைய சீட்டுகளை எடுத்துவிட்டு, அரைகுறை ஆங்கிலத்தில் புதிதாக எழுதினேன். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் சாலைக்காக இடித்த வீடுகளின் வாசக்கால். வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் மஞ்சள் பூசியது. பார்த்தவர் என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, அதன் மேல் 'கேட்டவர்: பிலோமினா' என்று எழுதினேன். எத்திராஜ் சார் ஒவ்வொன்றாகப் படித்தார். எழுத்துப் பிழை ஒன்றைக் காட்டினார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

அதற்குப் பிறகு பதில் வரும்வரை நான் பட்ட பாடு சொல்லி மாளாது. மாதாவுக்கு எத்தனை மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன் என்று எனக்கே கணக்கில்லை. கடைசியில் ஒருநாள் முதலாளி ஸ்வீட் பெட்டியோடு வந்தார். கிடங்குப் பெட்டிகளை விட அந்த நாற்பதுதான் முதலில் விற்றதாம். வாசக்கால் கதை அங்கே எல்லோருக்கும் பிடித்துப்போயிற்றாம். அடுத்த வருஷம் எல்லாமே வாசக்கால் மரத்தில், மஞ்சள் கோடு வெளியே தெரிகிற மாதிரி வேண்டுமாம். பட்டறையே கை தட்டியது. எத்திராஜ் சார் மட்டும் மைசூர்பாகை எடுக்கவில்லை. சர்க்கரை என்றார். அதற்கு முந்தின வாரம்தான் குமுதா மகனின் பிறந்தநாள் கேக்கை அவர் இரண்டு துண்டு சாப்பிட்டதை நான் பார்த்திருந்தேன்.

அவர் ஏன் சாப்பிடவில்லை என்பது அடுத்த மழைக்காலத்துக்குள் எனக்குப் புரிந்துவிட்டது. சேகரும் அவரைப் போன்ற மற்ற இடிப்புக்காரர்களும் மஞ்சள் மரமாகவே கொண்டுவர ஆரம்பித்தார்கள். கிடங்கு உத்தரம் மஞ்சள் பூசிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூட பெஞ்சு மஞ்சள் பூசிக்கொண்டு வந்தது. ஒருமுறை, சொன்னால் நம்பமாட்டீர்கள், கட்டில் கால் ஒன்று குங்குமப் பொட்டோடு வந்தது. முந்தின வருஷம் வாசக்கால் கிடங்கு என்று பொய் சொன்னது. இந்த வருஷம் கிடங்கு வாசக்கால் என்று பொய் சொன்னது. நடுவில் உண்மை எழுதியவள் நான் ஒருத்தி. அதை எழுதாமலே இருந்திருக்கலாமோ என்று தோன்றிய நாட்களும் உண்டு.

எத்திராஜ் சார் அதற்கும் ஒரு சோதனை வைத்தார். கட்டைவிரலைக் குழாயில் நனைத்து, மஞ்சள் மேல் அழுத்தித் தேய்க்க வேண்டும். விரலில் ஒட்டினால் அது மேலே பூசிய புது மஞ்சள், திருப்பி அனுப்பு. ஒட்டாவிட்டால் வருஷக்கணக்கில் ஊறினது, எடுத்துக்கொள். தேறிய வாசக்கால் நிலையை அறுக்கும்போது மஞ்சள் பக்கம் பெட்டியின் வெளிச் சுவராக வரவேண்டும், உள்ளே எண்ணெய் ஏறாத மரம்தான் விளிம்பாக வரவேண்டும். இவ்வளவையும் சொல்லிக்கொடுத்துவிட்டு அவர் ஓய்வு பெற்றுப் போனார். அதற்குப் பிறகு விரலை நனைக்கிற வேலையும் எனக்கு வந்தது. நான் கண்டிப்பான ஆள் என்று பெயர் எடுத்தேன். சேகர் என் கட்டைவிரலுக்குத் தாசில்தார் என்று பெயர் வைத்திருந்தார். திருப்பியது எல்லாம் நேரே விறகுக் கடைக்குத்தான் போகும், வேறு யாருக்கும் அது வேண்டாம். வருஷக்கணக்கில் அப்படித்தான் ஓடிற்று.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். வடை முடிந்து எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தோம். சேகர் குட்டியானை வண்டியில் ஒரு நிலையைக் கொண்டுவந்து இறக்கினார். முழு நிலை, இரண்டு காலும் மேல்சட்டமும் பிரிக்காமல். பளீரென்று மஞ்சள். பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. இத்தனை வருஷமாகியும் என்னிடமே இந்த வேலையா என்று நினைத்தேன். விரலை நனைத்து, தோள் உயரத்தில் ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். குங்குமப் பொட்டும் மஞ்சளும் சேர்ந்து விரலில் வந்தன.

"சேகரு, எடுத்துக்கினு போ. புது மஞ்சா" என்றேன்.

"யக்கா, இத நான் பூசல."

"எல்லாரும் அதத்தான் சொல்றீங்க."

"கொழந்தைங்க மேல சத்தியமா நான் பூசலக்கா. இன்னிக்கு இன்னா கெழம? வெள்ளிக்கெழம. கால்வா ஓரமா வூடுங்கள எடுக்கறாங்கல்ல, அங்கிருந்து நேரா வரேன். நாங்க ஆறு மணிக்கே போயி நின்னுகினோம். அந்தம்மா, 'கொஞ்சம் இரு நைனா'ன்னு சொல்லிட்டு உள்ள போயி தலைக்கு ஊத்திக்கினு வந்துச்சு. வாசக்கால நல்லாக் கழுவி, மஞ்சா பூசி, பொட்டு வெச்சி, கற்பூரம் காட்டுச்சு. அப்பறம் எங்களாண்ட திரும்பி, 'முட்சிட்டேன், இப்ப எடுத்துக்கோ'ன்னுச்சு. அதான் ஈரம் கூட காயல."

நான் உளியை எடுத்து, தேய்த்த இடத்தில் மெல்லியதாக ஒரு சீவல் சீவினேன். புது மஞ்சளுக்குக் கீழே பழைய மஞ்சள் இருந்தது. இன்னொரு சீவல். அங்கேயும் இருந்தது. மரத்துக்குள் ஒரு நூல் ஆழத்துக்கு ஊறிப்போயிருந்தது.

எத்திராஜ் சார் வைத்த சோதனையில் தப்பில்லை. அவர் அதைக் காலடிப்பேட்டை மரத்தைப் பார்த்து வைத்தார். அது இரண்டு வருஷம் சேகரின் யார்டில் மழையில் கிடந்த மரம், மேலே இருந்ததெல்லாம் கரைந்து போயிருந்தது. ஆள் குடியிருந்த வீட்டிலிருந்து நேராக வருகிற நிலையில் மேலே புது மஞ்சள் இருக்கத்தான் செய்யும். போன வெள்ளிக்கிழமை வரை அங்கே ஒருத்தி பூசியிருப்பாளே. இதை யோசிக்க எனக்கு அத்தனை வருஷம் ஆயிற்று. குமுதாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள். தாசில்தார் யாரையும் கேட்கவில்லை.

"அந்தம்மா இப்ப எங்க?" என்று கேட்டேன்.

"புழல் தாண்டி எங்கியோ வூடு குடுத்துக்கீறாங்களாம். லாரில சாமான் ஏத்திக்கினு இருந்துச்சு."

"இத அவங்களாண்டயே கொண்டுபோயி குடுத்துடேன்."

"அங்க எல்லாம் இரும்பு நெலைக்கா. இத வாங்கி எங்க வெக்கும்?"

நிலையை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னேன். ரம்பத்தின் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அதில் வந்த பெட்டிகளுக்கெல்லாம் என் கையாலேயே சீட்டு எழுதினேன். அந்தம்மாவின் பெயரை எழுத நினைத்தேன், சேகர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எழுதி முடித்துவிட்டு, இத்தனை வருஷத்தில் விரலில் மஞ்சள் ஒட்டியது என்ற ஒரே காரணத்துக்காக எத்தனை நிலையைத் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க உட்கார்ந்தேன். கணக்கு எதுவும் கிடைக்கவில்லை. திருப்பி அனுப்பியதற்குச் சீட்டு எழுதும் வழக்கம் எங்கள் பட்டறையில் இல்லை.